மார்பரி தீர்ப்பில் மார்ஷல் இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டாரா?

மூன்றாமாண்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 1803ஆம் ஆண்டின் மார்பரி எதிர் மாடிசன் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் நீதித்துறை மறுஆய்வை “நிறுவினார்” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு எங்கள் ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அமெரிக்க அரசமைப்பின் மூன்றாம் உறுப்பை இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், இயற்றிய சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று அறிவிக்கலாம் என அதில் எங்குமே எழுதப்படவில்லை. எழுதப்படாத அதிகாரத்தை ஒரு நீதிபதி, அதுவும் தேர்தலில் தோற்ற கட்சியைச் சேர்ந்தவர், தாமே எடுத்துக்கொண்டார் என்றால், வென்ற கட்சியினர் ஏன் வாளாவிருந்தார்கள்? இதுதான் எனக்குப் புரியவில்லை.

ஏடுதூக்கி எழுதியது:

தம்பி, அந்த ஒற்றை வரியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு நடந்ததை வரிசையாகப் பாருங்கள். கேள்விக்கு விடை அதிலேயே இருக்கிறது.

1800 தேர்தலில் ஜான் ஆடம்ஸின் ஃபெடரலிஸ்ட் கட்சி குடியரசுத் தலைவர் பதவியையும் காங்கிரசையும் ஒருசேர இழந்தது. ஆட்சி கைமாற 1801 மார்ச் 4 வரை அவகாசம் இருந்ததால், எஞ்சியிருந்த நீதித்துறையிலாவது தங்கள் ஆட்களை அமர்த்திவிட அவர்கள் முனைந்தார்கள். பிப்ரவரி 13 அன்று வந்த சட்டம் உச்ச நீதிமன்றத்துக்குக் கீழே இருந்த சுற்று நீதிமன்றங்களுக்கு 16 புதிய நீதிபதிப் பதவிகளை உருவாக்கியது. அதே மாத இறுதியில் வந்த மற்றொரு சட்டத்தின்கீழ் தலைநகர்ப் பகுதிக்கு 42 அமைதி நீதிபதிகள் நியமிக்கப்பட்டார்கள். பெரிய பதவி அன்று. சில்லறை வழக்குகளைப் பார்க்கும் ஐந்தாண்டுப் பதவி. மார்ச் 3 அன்று செனட் இசைந்தது, ஆடம்ஸ் கையெழுத்திட்டார், வெளியுறவுச் செயலர் அரசு முத்திரையைப் பதித்தார். அந்த வெளியுறவுச் செயலர், ஏற்கெனவே தலைமை நீதிபதியாகவும் பதவியேற்றுவிட்ட அதே ஜான் மார்ஷல்தான்!

முத்திரையிட்ட நியமன ஆணைகள் சில, உரியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. மார்ஷலின் தம்பி ஜேம்ஸ் சில ஆணைகளைக் கொண்டு கொடுப்பதற்காக வாங்கினார். எல்லாவற்றையும் தூக்கிச் செல்ல வசதிப்படவில்லை என்று ஒரு பகுதியைத் திருப்பி வைத்துவிட்டார். பின்னர் இதே வழக்கில் அவரே தம் பிரமாணப் பத்திரத்தில் இதைச் சொன்னார். மீந்த ஆணைகளைக் கொடுக்க வேண்டாம் என்று புதிய குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் தடுத்துவிட்டார். அப்படி ஆணை கிடைக்காதவர்களில் ஒருவரான வில்லியம் மார்பரியும் வேறு மூவரும் 1801 டிசம்பரில் நேரே உச்ச நீதிமன்றத்தை அணுகி, புதிய வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் மாடிசனுக்குக் கட்டளையுறுத்தும் நீதிப்பேராணை பிறப்பிக்குமாறு வேண்டினார்கள்.

இப்போது மார்ஷலின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். பேராணை பிறப்பித்தால் மாடிசன் அதைத் தூக்கிக் குப்பையில் போடுவார். நீதிமன்றத்தால் ஒன்றும் செய்ய இயலாது. மனுவைத் தள்ளுபடி செய்தால் ஆட்சிக்கு அஞ்சிவிட்டார்கள் என்று ஊர் பேசும். மார்ஷல் கேள்விகளை அடுக்கிய வரிசையில்தான் சூட்சுமம் இருக்கிறது. மார்பரிக்கு அந்தப் பதவியின் மீது உரிமை உண்டா? உண்டு. உரிமை மீறப்பட்டால் சட்டத்தில் பரிகாரம் உண்டா? உண்டு. அந்தப் பரிகாரத்தை இந்த நீதிமன்றம் நேரடியாக வழங்கலாமா? வழங்க முடியாது. ஏனெனில் தூதர்கள் தொடர்பான வழக்கு, ஒரு மாநிலமே தரப்பாக இருக்கும் வழக்கு போன்ற சிலவற்றை மட்டுமே உச்ச நீதிமன்றம் தொடக்கத்திலேயே விசாரிக்கலாம் என்று அரசமைப்பு வரையறுத்திருக்க, 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அந்த வரம்பை நீட்டிவிட்டது. அரசமைப்புக்கு முரணான சட்டம் சட்டமே ஆகாது.

ஜெஃபர்சனுக்கு வசவு கிடைத்தது, வழக்கிலோ வெற்றி கிடைத்தது. மீறுவதற்கு ஓர் ஆணை இருந்தால்தானே மீற முடியும்? நீங்கள் கேட்ட “ஏன் வாளாவிருந்தார்கள்” என்பதற்கு என் விடை இதுதான்.

வைகைக்கரை எழுதியது:

ஏடுதூக்கி ஐயா கதையைச் சரியாகச் சொன்னார். ஆனால் மார்ஷல் அன்று புதிதாக எதையோ கண்டுபிடித்தார் என்ற எண்ணம் இந்த இழையில் நிலைத்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

அரசமைப்பு நடைமுறைக்கு வருவதற்கு முன்பே மாநில நீதிமன்றங்கள் இந்தப் பாதையில் நடந்திருக்கின்றன. பறிமுதல் செய்யப்பட்ட சொத்துகள் தொடர்பான வழக்கில் ஜூரி விசாரணையை மறுத்த ஒரு சட்டத்தை, தங்கள் மாநில அரசமைப்புக்கு முரணானது என்று 1787இல் பேயார்ட் எதிர் சிங்கிள்டன் வழக்கில் வட கரோலினா நீதிபதிகள் ஒதுக்கித் தள்ளினார்கள். அதில் வாதாடிய ஜேம்ஸ் ஐயர்டெல் பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1788இல் அலெக்சாண்டர் ஹாமில்டன், அரசமைப்பை ஆதரித்து வந்த ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைத் தொடரின் 78ஆம் கட்டுரையில், வாளும் கையில் இல்லாத, கருவூலமும் கையில் இல்லாத நீதித்துறையே அரசின் மூன்று துறைகளிலும் ஆபத்து குறைந்தது என்றும், அரசமைப்பு மக்களின் விருப்பம் என்பதால் அதற்கு மாறான சட்டத்தை நீதிபதிகள் செல்லாததாகக் கொள்வது கடமை என்றும் வெளிப்படையாகவே எழுதிவிட்டார். அரசமைப்பை எதிர்த்து “புரூட்டஸ்” என்ற புனைபெயரில் நியூயார்க் நாளேட்டில் எழுதியவரும் இதே அதிகாரத்தைத்தான் கண்டார். அவருக்கு அது அச்சமாகத் தெரிந்தது. மக்களுக்கும் சட்டமன்றத்துக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத நிலையில் வைக்கப்பட்டவர்கள், விரைவில் வானுலகுக்கும் கட்டுப்படாதவர்களாகத் தங்களை எண்ணத் தொடங்குவார்கள் என்று அவர் எச்சரித்தார். இரு தரப்பாரும் எதிர்பார்த்த ஒன்றை மார்ஷல் இட்டுக்கட்டினார் என்று எப்படிச் சொல்வது?

1796இல் வண்டிகளின் மீதான வரி அரசமைப்புக்கு உட்பட்டதா என்று ஹில்டன் எதிர் ஐக்கிய அமெரிக்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்து, வரி செல்லும் என்று தீர்ப்பளித்தது. செல்லாது என்று சொல்லும் அதிகாரமே இல்லை என்றால், செல்லும் என்று சொல்வதற்காக அத்தனை வாதங்களைக் கேட்டிருக்க வேண்டியதில்லையே. இத்தகைய கேள்வியை நீதிமன்றம் கேட்பதில் வியப்படைய எதுவும் இல்லை என்ற சூழலில்தான் 1803 வந்தது.

கறுப்புமை எழுதியது:

இருவருமே மார்ஷலிடம் கொஞ்சம் கனிவாக நடந்துகொள்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆணையில் முத்திரை பதித்தவர் அவர், அனுப்பத் தவறிய அலுவலகம் அவருடையது, சாட்சி சொன்னவர் அவருடைய தம்பி. இன்று ஒரு மாவட்ட நீதிபதி இப்படி ஒரு வழக்கில் அமர்ந்தால் நாம் என்ன சொல்வோம்? விலகியிருக்க வேண்டியவர் விலகவில்லை என்பது முதல் குறை. இரண்டாவது, அவர் 13ஆம் பிரிவைப் படித்த விதம். அந்தப் பிரிவு, சட்டத்தின் கோட்பாடுகளும் வழக்கங்களும் இடம்கொடுக்கும் வழக்குகளில் இந்தப் பேராணையைப் பிறப்பிக்கலாம் என்று மட்டுமே சொல்கிறது. மேல்முறையீட்டு அதிகாரத்தைப் பற்றிப் பேசிவிட்டு உடனே அடுத்ததாக வருகிறது. உரிய வழக்கில், துணைக் கருவியாக, என்று அதை இயல்பாகப் படித்திருந்தால் அரசமைப்போடு மோதலே இல்லை. மனுவை அதிகார வரம்பு இல்லை என்று நான்கு வரியில் முடித்திருக்கலாம். அரசமைப்பு மாநாட்டில் உட்கார்ந்திருந்த ஆலிவர் எல்ஸ்வொர்த் முன்னின்று வரைந்த சட்டம் அது. அவருக்கே தெரியாத முரண்பாடு மார்ஷலுக்குத் தெரிந்ததாம்!

மேலும், அதிகார வரம்பே இல்லாத நீதிமன்றம் முதலில் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். மார்பரிக்கு உரிமை உண்டு, அரசு தவறு செய்தது என்று பக்கம் பக்கமாக உபதேசித்துவிட்டுக் கடைசியில் கையை விரிப்பது, தீர்ப்பு எழுதும் முறை அன்று. ஜெஃபர்சன் ஆயுள் முழுவதும் எரிச்சலடைந்தது இந்தப் பகுதிக்குத்தான்.

இதற்கு ஆறு நாள் கழித்து, மார்ச் 2 அன்று, ஸ்டூவர்ட் எதிர் லெயர்ட் வழக்கில் இதே நீதிமன்றம் என்ன செய்தது என்பதையும் மாணவர் படிக்க வேண்டும். அந்த 16 சுற்று நீதிபதிகளின் பதவிகளையே புதிய காங்கிரஸ் 1802இல் ஒரு சட்டத்தால் ஒழித்துவிட்டது. நன்னடத்தை உள்ளவரை பதவி என்று அரசமைப்பு உறுதியளித்த நீதிபதிகள் அவர்கள். மெய்யான சோதனை அங்கேதான் இருந்தது. நீதிமன்றம் அதைத் தொடாமலே நழுவிக்கொண்டது.

மூன்றாமாண்டு எழுதியது:

அப்படியானால் சிறிய சட்டப் பிரிவு ஒன்றை அடித்துவிட்டு, பெரிய சட்டத்தின் முன் பணிந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வதா? ஏடுதூக்கி ஐயா என்ன நினைக்கிறீர்கள்?

ஏடுதூக்கி எழுதியது:

கறுப்புமை சொன்ன குறைகளில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். விலகியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஸ்டூவர்ட் வழக்கில் மார்ஷல் விலகத்தான் செய்தார், கீழே சுற்று நீதிமன்றத்தில் அதை விசாரித்தவர் அவரே என்பதால். தீர்ப்பை எழுதியவர் வில்லியம் பேட்டர்சன். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சுற்று நீதிமன்றங்களிலும் அமர்வது தொடக்கத்திலிருந்தே நடந்துவருகிறது, நெடுநாள் ஏற்கப்பட்ட வழக்கத்தை இனிக் கேள்வி கேட்க முடியாது என்பது அவருடைய வாதம். பதவியிழந்த நீதிபதிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் அந்த ஆண்டுகளின் காற்று எப்படி வீசியது என்பதை மறக்க வேண்டாம். இன்றைய வாஷிங்டனில் பளிங்குத் தூண்களோடு நிற்கும் உச்ச நீதிமன்றக் கட்டடம் 1935இல் தான் வந்தது. அன்று அவர்களுக்கென்று ஓர் அறைகூட இல்லை; காங்கிரஸ் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு குழு அறையை ஒதுக்கியிருந்தார்கள். மார்பரி வழக்கின்போது நீதிபதி சாமுவேல் சேஸ் நோயால் அவதிப்பட்டதால், அவர் தங்கியிருந்த விடுதியின் கூடத்துக்கே நீதிமன்றம் இடம் மாறியது. நாட்டின் அரசமைப்புச் சட்டத்தையே திருப்பிய தீர்ப்பு என்று நாம் போற்றுவது, 1803 பிப்ரவரி 24 அன்று தங்கும் விடுதியில் வாசிக்கப்பட்டது. முதல் தலைமை நீதிபதி ஜான் ஜே 1795இல் நியூயார்க் ஆளுநராவதற்காக அந்தப் பதவியை விட்டுப் போனார்; 1800இல் மீண்டும் அழைத்தபோது, அந்த அமைப்புக்கு வலுவும் மதிப்பும் இல்லை என்று மறுத்தார். ஜே மறுத்ததால் மார்ஷலுக்குக் கிடைத்த நாற்காலி அது.

காங்கிரஸ் அப்போது சும்மா இருக்கவில்லை. 1802இல் நீதிமன்றத்தின் அமர்வுக் காலத்தையே மாற்றி, 1801 டிசம்பரிலிருந்து 1803 பிப்ரவரி வரை பதினான்கு மாதம் அது கூடாமல் செய்தது. மார்பரியின் மனு அத்தனை காலம் தூங்கியதற்குக் காரணம் அதுதான். வழக்கு எடுக்கப்பட்டபோது, நியமனத்துக்குச் செனட் இசைந்த பதிவேட்டின் நகலைத் தரச் செனட் மறுத்தது. மாடிசன் சார்பில் வாதாட யாரும் வரவில்லை. அரசு வழக்கறிஞர் லெவை லிங்கன் சாட்சியாக அழைக்கப்பட்டு, ஆணைகள் என்ன ஆயின என்ற கேள்விக்கு விடை சொல்ல மறுத்தார். 

அடுத்து வந்தது பதவிநீக்கம். நியூ ஹாம்ப்ஷயரில் குடிப்பழக்கத்துக்கும் மனநோய்க்கும் ஆளாகியிருந்த ஜான் பிக்கரிங் என்ற மாவட்ட நீதிபதியை 1804 மார்ச் 12 அன்று செனட் நீக்கியது. அதே நாளில் பிரதிநிதிகள் சபை சேஸ் மீது குற்றம் சாட்டத் தீர்மானித்தது. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் சேஸ். ஆனால் வாயை அடக்கத் தெரியாதவர். ஆட்சியாளரைத் தாக்கிப் பால்டிமோரில் ஜூரிகளிடம் அரசியல் சொற்பொழிவே நிகழ்த்தியிருந்தார். அவர் வீழ்ந்தால் அடுத்தவர் மார்ஷல்தான் என்று பலர் எண்ணினார்கள். மார்ஷலும் அஞ்சினார். நீதிபதிகளைப் பதவிநீக்குவதைவிட, தவறான தீர்ப்புகளைச் சட்டமன்றமே மாற்றியமைக்கும் மேல்முறையீடு இருக்கலாமே என்று சேஸுக்குக் கடிதம் எழுதுமளவுக்கு அஞ்சினார். ஓராண்டுக்கு முன் மார்பரி தீர்ப்பை எழுதிய கையா இது என்று வியப்பாக இருக்கிறது.

1805 மார்ச் 1 அன்று சேஸ் தப்பினார். 34 செனட்டர்களில் 23 பேரின் வாக்கு தேவைப்பட்டது. ஆளுங்கட்சியினர் 25 பேர் இருந்தும் எந்தக் குற்றச்சாட்டுக்கும் 19க்கு மேல் கிடைக்கவில்லை. தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக நீதிபதியை நீக்குவதில்லை என்ற மரபு அன்றுதான் வேர்விட்டது. என்னைக் கேட்டால் நீதித்துறையின் வளர்ச்சியில் மார்பரியைவிடப் பெரிய நாள் இதுவே. 

வைகைக்கரை எழுதியது:

சேஸ் விசாரணையைப் பற்றிய கணிப்பில் ஐயாவோடு உடன்படுகிறேன். ஆனால் நீதிமன்றம் உண்மையில் எங்கே வளர்ந்தது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. காங்கிரசின் சட்டத்தை அடிக்கும் அதிகாரத்தை மார்ஷல் தம் எஞ்சிய 32 ஆண்டுகளில் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. அவர் காலத்து நீதிமன்றம் வளர்ந்தது மாநிலங்களின் மீது.

அதற்கான சாவி, 13ஆம் பிரிவு இருந்த அதே 1789ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் இருந்தது. கூட்டாட்சிச் சட்டம், உடன்படிக்கை அல்லது அரசமைப்பின்கீழ் ஒருவர் கோரிய உரிமையை ஒரு மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் மறுத்தால், உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மறுஆய்வு செய்யலாம் என்றது அது. இதை நீதிபதிகள் யாரும் வலிந்து எடுத்துக்கொள்ளவில்லை. முதல் காங்கிரஸ் கொடுத்தது. அமெரிக்க மாநிலங்களை ஒரே நாடாகக் கட்டிய கயிறுகளில் இது ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

இதில் மார்ஷலைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. அவர் வழக்கறிஞராக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது ஒரே ஒரு வழக்கு, 1796ஆம் ஆண்டின் வேர் எதிர் ஹில்டன். பிரிட்டிஷ் வணிகருக்குக் கொடுக்க வேண்டிய பழைய கடனை வர்ஜினியாவின் சட்டம் தீர்த்துவிட்டது என்று கடனாளிக்காக வாதாடினார். 1783ஆம் ஆண்டின் சமாதான உடன்படிக்கைக்கு முன் அந்தச் சட்டம் நிற்காது என்று நீதிமன்றம் சொல்ல, அவர் தோற்றார். தோற்ற பாடத்தை நன்றாகவே கற்றுக்கொண்டார்.

1810இல் ஜார்ஜியாவின் யாசூ நில விற்பனை தொடர்பான ஃபிளெட்சர் எதிர் பெக் வழக்கில், அரசமைப்புக்கு முரணானது என்று ஒரு மாநிலச் சட்டம் முதல்முறையாக வீழ்ந்தது. ஃபேர்ஃபாக்ஸ் குடும்ப நிலங்களைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஆணைக்குக் கீழ்ப்படிய மாட்டோம், 25ஆம் பிரிவே செல்லாது என்று வர்ஜினியாவின் மேல்முறையீட்டு நீதிபதிகள் 1815இல் அறிவித்தார்கள். அந்த நிலத்தில் மார்ஷல் குடும்பத்துக்கும் பங்கிருந்ததால் இம்முறை அவர் விலகிக்கொள்ள (கறுப்புமை கவனிக்க), 1816இல் ஜோசப் ஸ்டோரி வர்ஜினியாவுக்கு மறுப்பு எழுதினார். 1819இல் மெக்கல்லக் எதிர் மேரிலாந்து. ஐக்கிய அமெரிக்க வங்கியின் பால்டிமோர் கிளைமீது மேரிலாந்து விதித்த வரி செல்லாது, வரி விதிக்கும் அதிகாரத்தில் அழிக்கும் அதிகாரமும் அடங்கியிருக்கிறது என்றார் மார்ஷல். வர்ஜினியாவில் எதிர்ப்பு கொதித்தது. மாநில நீதிபதி ஸ்பென்சர் ரோன் நாளேட்டில் “ஹாம்ப்டன்” என்ற பெயரில் தீர்ப்பைத் தாக்க, நாட்டின் தலைமை நீதிபதியும் புனைபெயர் வைத்துக்கொண்டு தம் தீர்ப்பைத் தாமே ஆதரித்துக் கட்டுரை எழுதினார். புனைபெயருக்குப் பின்னால் அமர்ந்து அரசமைப்பைப் பற்றிச் சண்டையிடும் நமக்கு எவ்வளவு பெரிய முன்னோடிகள் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1821ஆம் ஆண்டின் கோஹென்ஸ் வழக்கு. தலைநகரின் லாட்டரிச் சீட்டுகளை வர்ஜினியாவின் நார்ஃபோக்கில் விற்ற இரு சகோதரர்களுக்கு 100 டாலர் அபராதம். மாநிலம் தொடுத்த குற்ற வழக்கில் மேல்முறையீட்டை விசாரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு உரிமையே இல்லை என்றது வர்ஜினியா. உண்டு என்று விரிவாக எழுதிவிட்டு, அபராதம் சரிதான் என்று தீர்ப்பை முடித்தார் மார்ஷல். அதாவது மார்பரி வழக்கின் அதே உத்தி: எதிராளிக்கு வழக்கைக் கொடு, அதிகாரத்தை நீ வைத்துக்கொள். வர்ஜினியா வென்றது, எதை மீறுவது?

கறுப்புமை எழுதியது:

அந்த உத்தி கைகொடுக்காத வழக்கையும் சொல்லிவிட வேண்டும். செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில் மாநில உரிமம் இல்லாமல் வாழ்ந்ததற்காகச் சாமுவேல் வூஸ்டர் என்ற பாதிரியாருக்கு ஜார்ஜியா நான்காண்டுக் கடுங்காவல் விதித்தது. செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று 1832 மார்ச் மாதம் மார்ஷல் தீர்ப்பளித்தார். இங்கே எதிராளிக்குக் கொடுக்க எதுவும் இல்லை. ஜார்ஜியா நீதிமன்றத்துக்கு வரவும் இல்லை, தீர்ப்பை மதிக்கவும் இல்லை. “மார்ஷல் தீர்ப்பளித்துவிட்டார், அவரே நிறைவேற்றிக்கொள்ளட்டும்” என்று குடியரசுத் தலைவர் ஜாக்சன் சொன்னதாகப் பரவிய வாசகம் அவர் வாயிலிருந்து வந்ததற்குச் சான்றில்லை. தீர்ப்பு செத்துப் பிறந்த குழந்தை என்று நண்பருக்கு அவர் எழுதிய கடிதம் மெய். பாதிரியார் 1833 ஜனவரியில் விடுதலையானது ஆளுநரின் மன்னிப்பால்தான். செரோக்கியர்கள் 1838இல் படைவீரர்களால் மேற்கே விரட்டப்பட்டு, வழியிலும் முகாம்களிலும் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். ஹாமில்டன் சொன்ன வாளும் கருவூலமும் இல்லாத நிலை என்பதன் பொருள் இதுதான்.

காங்கிரசின் சட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் இரண்டாம் முறையாக வீழ்த்தியது 54 ஆண்டு கழித்து, 1857இல், டிரெட் ஸ்காட் வழக்கில். புதிய நிலப்பகுதிகளில் அடிமைமுறையைத் தடுக்கக் காங்கிரசுக்கு அதிகாரம் இல்லை, கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று தலைமை நீதிபதி ரோஜர் டேனி எழுதினார். புரூட்டஸ் அஞ்சியது இதைத்தான் என்று நான் சொன்னால் வைகைக்கரை மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

வைகைக்கரை எழுதியது:

மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை உள்நாட்டுப் போரும் 1868ஆம் ஆண்டின் 14ஆம் திருத்தமும் துடைத்தெறிந்தன என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மூன்றாமாண்டு எழுதியது:

நம் அரசமைப்பின் 13ஆம் உறுப்பு, அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. அங்கே ஊகித்து எடுத்ததை நாம் எழுதியே வைத்துவிட்டோம் என்று சொல்லலாமா?

ஏடுதூக்கி எழுதியது:

சொல்லலாம். ஆனால் 1950இல் ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம் வழக்கில் தலைமை நீதிபதி கானியா அதை எப்படிப் பார்த்தார் என்பதையும் படியுங்கள்: அந்த உறுப்பு இல்லாவிட்டாலும் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இருந்திருக்கும், மிகுந்த எச்சரிக்கையால் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றார். மார்ஷலின் வாதம் நம் ஊர் வழக்கொன்றில் திரும்பி வந்ததைப் போல இருக்கும். அது தனி இழைக்குரியது. இங்கே நீட்ட வேண்டாம்.

மூன்றாமாண்டு எழுதியது:

நன்றி ஐயா. கடைசியாக ஒன்று: மார்பரிக்கு அந்தப் பதவி கிடைத்ததா?

ஏடுதூக்கி எழுதியது:

இல்லை. உரிய கீழ் நீதிமன்றத்தில் புதிதாக மனு போட வழி இருந்தும் அவர் போடவில்லை. போட்டு வென்றிருந்தாலும் பதவிக்காலம் 1806இல் முடிந்திருக்கும். ஏற்கெனவே செல்வந்தர், வங்கித் தொழிலில் இருந்தவர். அந்தச் சில்லறைப் பதவி இல்லாமல் அவருக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. ஜார்ஜ்டவுனில் அவர் வாழ்ந்த வீடு இன்றும் நிற்கிறது. இப்போது அது உக்ரைன் நாட்டுத் தூதரகம்.